அதிகாரி விட்டுப்போன நாய்கள்

என் பக்கத்து வீட்டு அதிகாரி மாற்றலாகிப் போனபோது தேக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டார், பூந்தொட்டிகளை எடுத்துக்கொண்டார், கிணற்றுக் கயிற்றைக்கூட அவிழ்த்து எடுத்துக்கொண்டார். இரண்டு நாய்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

அறுபதுகளின் கடைசி. அரூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய கிராமத்துப் பள்ளியில் நான் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் இண்டூர். அப்பா இறந்துபோய் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. அந்த ஊரில் இது ஒரு நோய் மாதிரி. எல்லோரும் வைத்தியம் சொல்வார்கள்.

அதிகாரி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவருடைய அதிகாரம் முழுக்க அந்த நாய்களின் தொண்டையில்தான் இருந்தது. வராந்தாவின் இரண்டு தூண்களில் தூணுக்கொன்றாகக் கட்டிப்போட்டு நடுவில் நாற்காலி போட்டு உட்காருவார். மனு கொடுக்க வருகிற குடியானவர்கள் கேட்டுக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, நாய்ச் சத்தத்துக்கு மேல் தங்கள் குறையைக் கத்திச் சொல்ல வேண்டும். "பயப்படாதய்யா, கடிக்காது" என்பார் அவர். கடிக்கும் என்று நம்ப வைக்கிற குரலில் சொல்வார். உண்மையில் அவை கடிக்காது. வருகிறவன் மேல் ஏறிக் குதித்து முகத்தை நக்கத் துடித்துத்தான் அத்தனை குரைப்பும். இது அதிகாரிக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் அவர் அவற்றை அவிழ்த்துவிட்டுப் பார்த்ததில்லை.

ஒன்று கறுப்பு, அல்சேஷன் கலப்பு. இன்னொன்று செவலை, எந்த ஊர்க் கலப்போ, காலெல்லாம் கழி மாதிரி நீண்டு கன்றுக்குட்டி உயரம். அவற்றுக்கு அவர் வைத்திருந்தவை இரண்டு வெள்ளைக்காரத் துரைகளின் பெயர்கள். அவற்றை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, இங்கே எழுதவும் போவதில்லை.

"ரெண்டு நாள்ல ஆள் அனுப்பறேன் டீச்சர், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று ஜீப்பில் ஏறும்போது சொன்னார். ஆள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. வரப்போவதில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். பூந்தொட்டியை எண்ணி ஏற்றுகிறவன், நாய் வேண்டும் என்றிருந்தால் அதை மறப்பானா?

இரக்கத்தினால் அவிழ்த்தேன் என்று சொன்னால் பொய். ஊளை தாங்க முடியவில்லை. தெருவில் பத்து வீடுகள் இருந்தன. பத்து வீட்டுக்காரர்களும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "பாவம், வாயில்லா சீவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவம் என்ற சொல்லைப்போலச் சௌகரியமான சொல் தமிழில் வேறு இல்லை. சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தில்தான் சுவரைத் தாண்டிப் போய்ச் சங்கிலிகளைக் கழற்றினேன்.

கழற்றிய நிமிடமே தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. கறுப்பு என் தோளில் இரண்டு காலையும் வைத்தது. செவலை முழங்காலுக்குப் பின்னால் வந்து மோதியது. நான் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளைச் சுற்றி இரண்டும் நாலு சுற்று ஓடி, அதிகாரி பூந்தொட்டி வைத்திருந்த இடத்திலெல்லாம் காலைத் தூக்கிவிட்டு, திறந்திருந்த என் வீட்டுக்குள் போய் ஆறிக்கொண்டிருந்த களியைச் சட்டியோடு காலி செய்தன. அன்றிலிருந்து அவை என்னுடையவை. நான் அவற்றினுடையவள் என்று சொன்னாலும் சரிதான்.

அந்த அளவு உடம்புள்ள பிராணிகளை வீட்டில் வைத்திருந்தால் ஒன்று அவற்றை நடக்கக் கூட்டிப்போக வேண்டும், அல்லது வீட்டை இழக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு பாய், ஒரு ஜோடி செருப்பு, ஆறாம் வகுப்புப் பரீட்சைத்தாள்கள் முப்பது போயின. விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தேன். தெரு முனைவரை நான் அவற்றைக் கூட்டிப்போவேன். அங்கிருந்து அவை என்னை இழுத்துப்போகும். புளியமரச் சாலையைத் தாண்டினால் கொள்ளுக் காடு, அதைத் தாண்டினால் கரடு. இங்கே சின்ன மலையைக் கரடு என்போம். பெயருக்கேற்ற இடம்தான். கள்ளியும் உசிலையும் உருண்டைப் பாறைகளும். அங்கே சங்கிலியைக் கழற்றிவிடுவேன். இரண்டும் அம்பு மாதிரி மேலே போகும்; நான் மூச்சு வாங்கிக்கொண்டு பாதி ஏறுவதற்குள் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, 'இன்னுமா வர்ற?' என்று பார்க்கும்.

நாயைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் அறிவைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். என்னுடையவற்றுக்கு அறிவே கிடையாது. கறுப்பு ஒவ்வொரு நாளும் ஒரே ஓணானை ஒரே பாறைக்கடியில் தேடும். ஓணான் ஒவ்வொரு நாளும் பாறை மேல் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கும். செவலை முள்ளம்பன்றி விட்டுப்போன முள்ளைக் கண்டு அலறியடித்து என் புடவைக்குள் ஒளியும்; மறுநாள் அதே முள்ளிடம் வாலை ஆட்டும். ஆனால் மூச்சு இரைக்க அந்தப் பாறையில் உட்கார்ந்து, வகுப்பில் நான் வெறும் கோடாக வரைந்து காட்டுகிற மலைகள் நிஜமாகவே வரிசையாக நிற்பதைப் பார்த்தபோதுதான், ஆறு வருஷமாக இந்த ஊரில் பூகோளம் நடத்துகிற நான் இந்தக் கரட்டின்மேல் ஒரு நாளும் ஏறியதில்லை என்று உறைத்தது. என்னை நினைத்தும் கொஞ்சம் கேவலமாகத்தான் இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? தண்ணீர் எடுக்கிற இடத்தில் என் காதுபடவே பேசினார்கள்.

"கண்ணாலம் கட்டிக்க ஆளு கெடைக்கல, நாயக் கட்டிக்கிட்டு மலையேறுது."

"ஒண்ணு போதாதுன்னு ரெண்டு!"

நான் குடத்தை நிறைத்துக்கொண்டு வருவேன். பதில் சொல்ல ஆசைதான். ஆனால் அந்த வீடுகளின் புருஷன்மார்களை எனக்குத் தெரியும். என் நாய்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பேசினால் அது நாய்களுக்கு மரியாதையில்லை.

தலைமையாசிரியர் நேரடியாகவே கூப்பிட்டுச் சொன்னார். ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி, எதற்கும் ஒரு குறள். "டீச்சர், பொம்பளைங்க தனியா மலை கரடுன்னு சுத்தறது நல்லால்லீங்க. நாமெல்லாம் அந்தக் காலத்துல தீர்த்தமலைய ஒரே மூச்சுல ஏறி எறங்கினவங்க. அதுக்குன்னு ஒரு தைரியம் வேணும்." அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்கே மேசையைப் பிடித்துக்கொள்வார். நான் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதமே தீர்த்தமலைக்குக் கிளம்பினேன். அவர் சொல்லியிருக்காவிட்டால் போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

கோயில் வழியில் நாய்களைக் கூட்டிப்போவது முறையில்லை என்பது எனக்கும் தெரியும். பின்பக்கம் ஆடு மேய்க்கிறவர்களின் தடம் ஒன்று இருந்தது. அதில் ஏறினேன். பாதி மலையில், ஒரு பெரிய பாறைக்குப் பின்னாலிருந்து குரங்குக் கூச்சலும் நடுவில் ஒரு மனிதக் குரலும் கேட்டன. எட்டிப் பார்த்தால் தலைமையாசிரியர். குடும்பத்தோடு சாமி கும்பிட வந்தவர், மற்றவர்களைக் கோயில் பக்கம் விட்டுவிட்டு, புளிசாதப் பொட்டலத்தோடு தனியாக இந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார். பங்கு கொடுக்க வேண்டாமே. எட்டுக் குரங்குகள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஒன்றின் கையில் பொட்டலம், ஒன்றின் தோளில் அவர் மேல்துண்டு. அவர் பாறையோடு ஒட்டிக்கொண்டு "சூ, சூ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குறள் ஒன்றும் வரவில்லை.

நான் சங்கிலியைப் பிடிப்பதற்குள் இரண்டும் பாய்ந்துவிட்டன. அவரைக் காப்பாற்ற அல்ல. குரங்கைத் துரத்துவது அவற்றுக்குத் திருவிழா. குரங்குகள் சிதறி மரமேறின. துரத்த ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் இரண்டும் திரும்பிப் பார்த்தன. அங்கே தலைமையாசிரியர் இருந்தார். கறுப்பு அவர் நெஞ்சில் காலை வைத்து முகத்தை நக்கியது. அவர் "ஐயோ, கடிக்குது" என்று அலறிக்கொண்டு ஓடினார். ஓடுகிறதைத் துரத்தாத நாய் உண்டா? செவலைக்கு வேட்டி நுனி கிடைத்தது. அது இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் ஓட, வேட்டி நாயோடு வந்துவிட்டது. அவர் பட்டாபட்டி உள்டவுசரோடு காரைமுள் புதரில் உட்கார்ந்தார்.

நான் வடக்கே திரும்பி நின்றுகொண்டேன். தூரத்தில் தென்பெண்ணை வெறும் மணலாகக் கிடந்தது. என் துண்டைத் தோளுக்குப் பின்னால் வீசி, "கட்டிக்கங்க சார்" என்றேன். வேட்டியைச் செவலையிடமிருந்து மீட்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதுவும் இரண்டு துண்டாகத்தான்.

"டீச்சர்… இது வெளியில…" என்றார்.

"நான் என்னாத்துக்குங்க சார் சொல்றேன்."

நான் சொல்லவில்லை. அவர் சொன்னார். திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் துணிவு பற்றிப் பேசும்போது, மலையில் ஒரு பெண் குரங்குகளிடம் மாட்டிக்கொண்டதாகவும், தாம் ஒரு குச்சியை வைத்துக்கொண்டே அத்தனையையும் விரட்டியதாகவும் கதை சொன்னார். பெயர் சொல்லவில்லை. நானூறு பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்துப் பேசுவதற்கும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டும்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. என் வாயை நம்பாமல், நாய்களை முடித்துவிட்டால் சாட்சியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, என் வீட்டு நாய்கள் இரண்டும் வெறிபிடித்த அறிகுறியோடு திரிகின்றன என்று பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை தண்டோரா போட்டார்கள். அவிழ்த்துவிட்ட நாய்களுக்கு மருந்து வைக்கப்போகிறார்களாம். தண்டோராக்காரர் என் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு தடவை அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். கட்டி வைக்கலாம், கட்டியும் வைத்தேன். ஆனால் என் சுவர் இடுப்பு உயரம். ஓர் உருண்டையை வீசிவிட்டுப் போக எவ்வளவு நேரமாகும்? அவை எதைக் கொடுத்தாலும் தின்னும். பரீட்சைத்தாளைத் தின்றவை.

அன்று சாயங்காலம் கறிக்கடை பாய் வந்தார். ஒரு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் அவரிடம்தான் எலும்பு வாங்குவேன். அவர் தூக்குப்பாத்திரத்தில் போட்டுக் கொடுப்பார், நான் வாங்கிக்கொண்டு வருவேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரையும் ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராகத்தான் வைத்திருந்தேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"டீச்சரம்மா, நாய்ங்கள எங்கிட்ட அனுப்பிடுங்க."

"எதுக்கு பாய்?"

"நம்ம ஆட்டுப்பட்டி ஊருக்கு வெளியில இருக்குது. செவுரு ஒசரம். அங்க மருந்து போட எவனும் வர மாட்டான். வூட்டுக்குள்ள நாங்க நாய் வெக்கறதில்லீங்க, பட்டிக் காவலுக்கு வெக்கலாம்."

"ஆட்டக் கடிச்சிப்புட்டா?"

"இதுங்களா?" சிரித்தார். "ஆடு இதுங்கள முட்டாம இருந்தா செரி. ஒரு வருசமா எலும்பு போட்டது மருந்து உருண்டயத் தின்னு சாவறதுக்கா?"

உள்ளே வாருங்கள் என்று நான் சொன்னது அவர் சங்கிலிகளை வாங்கிக்கொண்டு திரும்பிய பிறகுதான். "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். கறுப்பு அவரை இழுத்துக்கொண்டு ஓட, பின்னால் செருப்பு கழன்றுபோக, அப்படியே போனார். நான் வாசலில் நின்றேன். இந்த ஊரில் ஒருவருமே சரியில்லை என்று அத்தனை வருஷமும் எவ்வளவு சுகமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் அதிக நேரம் நிற்கவில்லை. மறுநாள் காலையில் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"பஞ்சாயத்துல குடுத்த மனுவ வாபஸ் வாங்கிடுங்க சார்."

"பொது நன்மைக்காகத்தான் டீச்சர்…"

"செரிங்க சார். அந்தப் பட்டாபட்டில இருந்தது செவப்புக் கோடா, நீலக் கோடா? பசங்க கேட்டா சரியா சொல்லணுமில்ல."

அவர் பேனாவைத் தேடினார். நான் என்னுடையதைக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் மனு திரும்பி வந்துவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள் அது புளிக்க ஆரம்பித்தது. ஒருவனுடைய அவமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரியம் சாதிப்பது அதிகாரிகளும் தலைமையாசிரியர்களும் செய்கிற வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கும் நன்றாகவே வந்தது.

நாய்கள் பட்டியிலிருந்து பத்து நாள் கழித்துத் திரும்பின. செவலையின் விலாவில் கிடா முட்டிய காயம் இருந்தது.

எழுபதுகள் பிறந்த பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவில் ஒரு ஜீப் நின்றது. பழைய அதிகாரி. பதவி உயர்ந்திருந்தார், தொப்பையும் உயர்ந்திருந்தது. பஞ்சாயத்துத் தலைவரோடு பேசிக்கொண்டிருந்தவரை என் வீட்டுச் சுவருக்கு மேலிருந்து இரண்டும் பார்த்துவிட்டன. நான் கேட்டைத் திறந்ததுதான் தாமதம். என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடின. கடிக்கப்போகின்றன என்று நினைத்தேன். சந்தோஷமாக நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு அவர் காலடியில் புரண்டு அழுதது. செவலை அவரைச் சுற்றிச் சுற்றிக் குதித்து, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. எனக்காக ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

"அட! இதுங்க இன்னும் உசுரோடவா இருக்குது?" என்றார் அதிகாரி.

பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா டீச்சர், நாய்ன்னா நாய்தான். நன்றிய மறக்காது."

"ஆமாங்க சார். எதுக்கு நன்றின்னு அதுங்களுக்குக் கேக்கத் தெரியாது."

அவர் சிரித்தார். புரிந்து சிரித்தாரா என்று தெரியாது. கைக்குட்டையால் கால்சட்டையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். இரண்டும் ஜீப்புக்குப் பின்னால் ஓடின. புளியமரச் சாலை வளைவுவரைக்கும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருட்டுவதற்குள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி களிச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன.

களி போட்டேன். நடக்கக் கூட்டிப்போகவில்லை. இரண்டு விடியற்காலை சங்கிலியைக் கையால் தொடவில்லை. மானமில்லாத ஜென்மங்கள் என்று அவற்றின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவை காதை விடைத்துக்கொண்டு அக்கறையாகக் கேட்டன. இரண்டு நாயோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற முப்பது வயதுக்காரியைத் தண்ணீர் எடுக்கிற இடத்துப் பெண்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். அவர்கள் சொல்வது முதல் தடவையாகச் சரியாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் கரட்டுக்குப் போனோம்.

அதற்குப் பிறகு சில வருஷங்களில் எனக்கு நல்லம்பள்ளிக்கு மாற்றல் வந்தது. இண்டூர் வீட்டிலேயே இருந்துகொண்டு பஸ்ஸில் போய்வரலாம். பெட்டி படுக்கையை லாரியில் போட்டுவிட்டு நாய்களோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டர் படியிலேயே கையை நீட்டி மறித்தார்.

"மனுசங்க மட்டுந்தாம்மா. ஆடு, கோழின்னாகூட ஏத்துவேன். இதுங்க கன்னுக்குட்டி மாரி இருக்குது."

"லாரிலயும் மாட்டேன்னுட்டாங்க."

"அப்ப இங்கியே யாருகிட்டயாவது வுட்டுட்டுப் போங்க. அவனவன் அப்பிடித்தான் செய்யறான்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் வேறு ஏதாவது யோசித்திருப்பேன். நடந்தேன். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் ஆயிற்று. செவலைக்கு மூக்கு நரைத்திருந்தது; கறுப்பு வெயிலில் ஒவ்வொரு மரத்தடியிலும் படுத்துவிடும், எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும். முதல் ராத்திரி மொரப்பூரில் ஒரு டீக்கடைக்காரர் சாக்குப் போட்டுக் கொடுத்தார், "நாய் வித்துக்கிட்டுப் போறீங்களாங்க?" என்று கேட்டார். தர்மபுரியில் கூடப் படித்தவள் வீட்டில் தங்கினேன். அவள் புருஷன் நாய்களைப் பார்த்துவிட்டு விடியும்வரை அறைக் கதவைத் திறக்கவில்லை. வழியெல்லாம் லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

இண்டூருக்குள் நுழைந்தபோது மத்தியானம். அண்ணன் களத்தில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், நாய்களைப் பார்த்தான், செருப்பு அறுந்து துணி சுற்றியிருந்த என் காலைப் பார்த்தான்.

"பஸ்ஸு ஓடலியா?"

"ஓடுது."

"அப்புறம் என்னாத்துக்கு இப்பிடி? ஊருல நாலு பேரு என்னா சொல்லுவான்?"

"நாலு பேரு சொல்லிட்டாங்க. நான் வரும்போது கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."

அண்ணி கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "வூட்டுக்குள்ள வுட்றாதம்மா" என்றாள். நாய்கள் அவளைக் கவனிக்கவில்லை. மாட்டுத்தொட்டியில் முகத்தைவிட்டுத் தண்ணீரைக் கால்வாசி குறைத்தன. பிறகு கறுப்பு காய்கிற கடலையின் நடுவில் போய்க் காலை நீட்டிப் படுத்தது. செவலை அதன் மேல் தலையை வைத்துக்கொண்டது. அண்ணன் கையில் கோலோடு சிறிது நேரம் நின்று பார்த்தான். அப்புறம் அவற்றை விட்டுச் சுற்றிக் கடலையைக் கிளறத் தொடங்கினான்.